குளிர் பிளாஸ்மா இயந்திரத்தால் விளைச்சல் கூடுமா? எங்கள் உழவர் குழு வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஒருவர் வந்து 'குளிர் பிளாஸ்மா' இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டியிருக்கிறார். நெல், மிளகாய் விதையை அதில் சில நிமிடம் வைத்தால் விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்கிறார். அதே இயந்திரம் தயாரிக்கும் 'பிளாஸ்மா தண்ணீர்' இருந்தால் யூரியாவும் வேண்டாம், மருந்தடிப்பும் வேண்டாம் என்கிறார். மூன்றாம் நாள் முளைத்த இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமும் காட்டினாராம். உறுப்பினர்கள் பணம் போட்டு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விதைக்கு நல்லதா, உரத்துக்கு மாற்றா, நோயைத் தடுக்குமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. விற்பவர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் குழப்பம்.

நான் விதைத் தொழில்நுட்பம் படித்தவன். பல வருடங்களாக விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிளாஸ்மா இயற்பியல் என் சொந்தத் துறை அல்ல. அந்தத் துறைக்காரர்கள் நேர்த்தி செய்து அனுப்பும் விதைகளை முளைக்க வைத்து எண்ணிப் பார்க்கும் பக்கம் நான் இருந்திருக்கிறேன். ஆகவே விதையைப் பற்றிச் சொல்வதில் எனக்கு உறுதி அதிகம். மின்சுற்றைப் பற்றிச் சொல்வதை ஒரு மின்பொறியாளரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது ஏமாற்று வித்தை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து திரியும் நிலைதான் பிளாஸ்மா. மின்னல் சூடான பிளாஸ்மா. நம் வீட்டுப் பழைய டியூப் லைட்டுக்குள் இருப்பது குளிர் பிளாஸ்மா. அதில் எலக்ட்ரான்கள் மட்டும் 10,000 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். எடை கூடிய வாயு மூலக்கூறுகள் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி இருந்தும் கையைப் பொசுக்காதது போலத்தான். வெப்பநிலை அதிகம், வெப்பம் கொஞ்சம். விதைக்குப் பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு மின்முனைகள், நடுவில் கண்ணாடியோ பீங்கானோ தடுப்பு, சில மில்லிமீட்டர் இடைவெளி, அதில் பல ஆயிரம் வோல்ட் மாறுமின்னோட்டம். இந்த அமைப்பை 1857-லேயே வெர்னர் சீமன்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்துவிட்டார். புதியது கருவி அல்ல. அதை விதைக்குத் திருப்பியதுதான்.

விதைக்கு என்ன நடக்கிறது? இதில் சில விஷயங்கள் மறுக்க முடியாதவை. விதையின் மேலுறையில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. காய்ந்த மிளகாய் விதைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் அது முத்தாக நிற்கும். பிளாஸ்மாவில் வைத்து எடுத்த விதைமேல் அதே சொட்டு பரவிப் படிந்துவிடும். பிளாஸ்மாவில் உண்டாகும் ஆக்சிஜன், நைட்ரஜன் வினைப்பொருள்கள் அந்த மெழுகை ஆக்சிஜனேற்றம் செய்து அரிப்பதுதான் காரணம். தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகிறது, முளையும் சீக்கிரம் எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது, விதையின் மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சாண வித்துகளும் பாக்டீரியாக்களும் நன்றாகக் குறைகின்றன. மூன்றாவது, சிறு அளவு ஆக்சிஜனேற்ற அதிர்ச்சி விதைக்குள் சமிக்ஞையாக வேலை செய்து, உறக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹார்மோனுக்கும் முளைக்கச் சொல்லும் ஹார்மோனுக்கும் உள்ள விகிதத்தை மாற்றுகிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார், கதிரில் பால் பிடிக்கும் காலத்தில் வெயிலில் வாடிய நெல் விதைகளின் முளைப்பு பிளாஸ்மாவால் மீண்டதையும், மரபணுக்கள் இயங்கும் விதம் மாறியதையும் காட்டியிருக்கிறார்கள்.

கவனியுங்கள், அந்த விதை வாடிய விதை. கெட்டுப்போன விதை, பழைய விதை, உறக்கம் கலையாத விதை, கடினத்தோல் விதை ஆகியவற்றில்தான் பிளாஸ்மா பளிச்சென்று வேலை செய்கிறது. சான்று பெற்ற நெல் விதைக்கு நம் நாட்டில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். நல்ல விதை 90-ஐத் தாண்டி நிற்கும். அதில் கூட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? மிளகாய்க்கு அந்த வரம்பு 60 சதவீதம்தான். ஆகவே இந்த இயந்திரத்துக்கு உங்கள் ஊரில் வேலை இருந்தால் அது பெரும்பாலும் மிளகாய்க் குழித்தட்டில்தான் இருக்கும், நெல் நாற்றங்காலில் அல்ல.

அவர் காட்டிய படத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் படம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பரிசோதனைக் கூடத்தில் நெல்லை நூறு நூறாக, மொத்தம் 400 விதை, ஈரமான முளைப்புத்தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிறுத்துவோம். ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கை, பதினான்காம் நாள் கடைசி எண்ணிக்கை. தாளைப் பிரிக்கும்போது வேர் மட்டும் வந்து குருத்து வராதது, முறுக்கிக்கொண்டது, பூஞ்சாணம் பிடித்து அழுகியது எல்லாவற்றையும் தனித்தனியாக ஒதுக்கிவிட்டு, இயல்பான நாற்றைத்தான் கணக்கில் சேர்ப்போம். பிளாஸ்மா விதையில் மூன்றாம் நாள் வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். பதினான்காம் நாள் பல சமயம் இரண்டு சுருளும் ஒரே எண்ணைத் தரும். வேகம் கூடியிருக்கிறது, எண்ணிக்கை கூடவில்லை. வேகத்துக்கும் மதிப்பு உண்டு. எல்லா நாற்றும் ஒரே சீராக எழும்பினால் நடவு எளிது. ஆனால் அது மகசூல் இல்லை.

அடுத்து, எதோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள். நேர்த்தி எதுவும் செய்யாத வெறும் விதையோடு ஒப்பிட்டால் எந்த நேர்த்தியும் ஜெயிக்கும். நீங்கள் ஏற்கெனவே உப்புக் கரைசலில் போட்டு மிதக்கும் பதரை எடுத்துவிடுகிறீர்கள், கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலக்கிறீர்கள், ஊறவைத்து முளைகட்டி விதைக்கிறீர்கள். வெறும் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினாலே முளைப்பு வேகம் கூடும். அதற்குச் செலவு ஒரு வாளி. பிளாஸ்மா ஜெயிக்க வேண்டியது இந்த வாளியை. ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்த ஒப்பீடு குறைவு என்பதுதான் என் பெரிய மனத்தாங்கல்.

மகசூல் என்று வரும்போது நான் தயங்குகிறேன். வயல் சோதனைகள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் நெல் வயலிலேயே இறங்கிச் சோதித்தார்கள். ஐரோப்பாவில் கோதுமை, சூரியகாந்தி, மக்காச்சோளம் என்று பல குழுக்கள் வேலை செய்கின்றன. பல நாட்டு ஆய்வாளர்களை இணைத்து 2020 முதல் 2024 வரை ஒரு கூட்டுத் திட்டமே அங்கே நடந்தது. சில இடங்களில் மகசூல் கூடியிருக்கிறது. ஆனால் ரகம் மாறினால், மண் மாறினால், நேரம் ஒரு நிமிடம் கூடினால் பலன் மறைகிறது, சில சமயம் தலைகீழாகிறது. அளவு மீறினால் கருவே காயப்பட்டு முளைப்பு விழும் என்பது நிச்சயமான விஷயம். நம் வயலில் மகசூலைத் தீர்மானிப்பது தண்ணீர், தூர், பூக்கும்போது வெயில், அறுவடை நேரத்து மழை. முளைத்த வேகத்தின் பலன் நான்கு மாதம் கழித்துக் களத்து மேட்டில் தெரிய வேண்டுமானால் இத்தனையையும் தாண்டி வரவேண்டும். ஒரே இடத்தில் ஒரு பருவம் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு 'மூன்றில் ஒரு பங்கு' என்று எழுதிக் கொடுக்க எந்த விதை ஆய்வாளரும் கையெழுத்திட மாட்டார்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. பின்லாந்தின் செலிம் லெம்ஸ்ட்ரோம் என்ற இயற்பியலாளர், துருவப் பகுதி வானில் இரவில் தெரியும் துருவ ஒளியை ஆராய்ந்தவர். வடதுருவப் பகுதியில் பயிர்கள் செழிப்பது அந்த ஒளியோடு வரும் மின்சாரத்தால்தான் என்று நம்பி, வயலுக்கு மேலே கம்பி கட்டி உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார். மகசூல் கூடியது என்று எழுதினார். பிரிட்டனில் 1918-ல் இதற்கென்றே அரசுக் குழு ஒன்று அமைத்து 1930-களின் நடுப்பகுதி வரை சோதித்தார்கள். ஒரு வருடம் கூடும், மறு வருடம் ஒன்றுமிருக்காது. கடைசியில் கைவிட்டார்கள். பிளாஸ்மாவின் வேதியியல் அதைவிடத் தெளிவாகப் புரிந்த ஒன்று, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் 'சில வயலில் கூடியது' என்ற வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு அந்தக் குழுதான் ஞாபகம் வருகிறது.

இனி யூரியாவுக்கு மாற்று என்ற பேச்சு. இங்கே தயக்கமே இல்லை, கணக்கு இருக்கிறது. காற்றில் மின்பொறி விட்டால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும், தண்ணீரில் கரைந்தால் நைட்ரேட்டாகும். 1785-ல் கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி காட்டியது. இடி மழைக்குப் பிறகு பயிர் பச்சை கட்டுகிறது என்று நம் பெரியவர்கள் சொல்வதிலும் இந்த உண்மையின் ஒரு துளி இருக்கிறது. நார்வேயில் கிறிஸ்டியான் பிர்க்லாண்டும் சாம் ஐடேயும் 1903-ல் இதைத் தொழிலாக்கினார்கள். பிர்க்லாண்டும் துருவ ஒளி ஆராய்ச்சிக்காரர்தான், வேடிக்கை! நோட்டோடன், ரியூகன் ஊர்களில் அருவி மின்சாரத்தை வைத்துச் சுண்ணாம்பு நைட்ரேட் உரம் தயாரித்து விற்றார்கள். அருவி மின்சாரம் மலிவாக இருந்தும், காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்-பாஷ் முறை வந்ததும் தாக்குப்பிடிக்க முடியாமல் 1920-களின் இறுதியில் அந்த ஆலைகளே ஹேபர்-பாஷுக்கு மாறிவிட்டன. மின்பொறி அவ்வளவு மின்சாரம் தின்றது.

இன்று நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது? சாதாரண காற்றழுத்தத்தில் ஓடும் நல்ல ஆய்வகக் கருவிகள் ஒரு கிலோ தழைச்சத்துக்கு (அதாவது நைட்ரஜனுக்கு) 40 முதல் 60 யூனிட் மின்சாரம் கேட்கின்றன. விதை நேர்த்திக்கான குளிர் பிளாஸ்மாக் கருவிகள் இதைவிடப் பல மடங்கு மோசம். அவை இதற்காக வடிவமைக்கப்பட்டவையே அல்ல. ஹேபர்-பாஷ் ஆலை கிலோவுக்குச் செலவழிக்கும் ஆற்றல், யூனிட் கணக்கில் சொன்னால், பத்துக்குப் பக்கம். மத்திய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு நடுத்தரமாக 50 யூனிட் என்றாலே 3000 யூனிட் ஆகும். யூனிட் 7 ரூபாய் என்றால் 21,000 ரூபாய். அதே தழைச்சத்து 45 கிலோ யூரியா மூட்டை மூன்றில் இருக்கிறது. மானிய விலையில் சுமார் 800 ரூபாய். மானியமே இல்லாமல் மூட்டை 2000 ரூபாய் என்று வைத்தாலும் 6000. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம்தானே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கட்டணத்தை அரசு கட்டுகிறது, காற்று கட்டவில்லை.

தண்ணீர் அளவையும் பாருங்கள். பிளாஸ்மா தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால் அதில் தழைச்சத்து 23 மில்லிகிராம்கூட முழுதாக இல்லை. 60 கிலோ சேர்க்க சுமார் 26.5 லட்சம் லிட்டர் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் லாரியில் 265 நடை! ஐந்து லிட்டர் கேனில் வரும் பிளாஸ்மா தண்ணீர் உரம் அல்ல, உரத்தின் வாசனை.

அந்தத் தண்ணீர் மருந்தாகவாவது வேலை செய்யுமா என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. புதிதாகத் தயாரித்த பிளாஸ்மா தண்ணீரில் நைட்ரேட், நைட்ரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு, கொஞ்சம் ஓசோன் எல்லாம் இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் செய்தால் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றை நெருங்கும். நைட்ரைட்டும் பெராக்சைடும் அந்த அமிலத்தில் சேரும்போது உண்டாகும் குறுகிய ஆயுள் பொருள்தான் கிருமியைக் கொல்லும் வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது. இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அவை ஒன்றையொன்று தின்று தீர்ந்துவிடும். நாளாக ஆகக் கேனில் மிஞ்சுவது நீர்த்த நைட்ரிக் அமிலமும் நைட்ரேட்டும்தான். இரண்டு, நம் போர் தண்ணீர். உப்பும் பைகார்பனேட்டும் நிறைந்த தண்ணீரில் வரும் அமிலத்தை அந்தப் பைகார்பனேட்டே முறித்துவிடும். அமிலம் இல்லையென்றால் அந்த வினையும் இல்லை. விற்பவர் எந்தத் தண்ணீரில் செய்து காட்டினார் என்று பாருங்கள்; கேன் வாட்டர் கொண்டுவந்திருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் செய்யச் சொல்லுங்கள்.

நோய்த் தடுப்பில் எனக்கு உண்மையாகவே ஆர்வம் தரும் வேலைகள் இரண்டு. ஒன்று, ஜப்பானில் நெல் விதையைப் பிளாஸ்மாவில் காட்டி, நாற்று வெளிறி நீண்டு மெலியும் பக்கானே நோயையும் நாற்றங்கால் பாக்டீரியக் கருகலையும் குறைத்தது. விதையோடு வரும் நோய், விதையிலேயே தடுப்பது. தர்க்கம் சரியாக இருக்கிறது. இன்னொன்று, ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தார் காற்றிலிருந்து பிளாஸ்மாவால் டைநைட்ரஜன் பென்டாக்சைடு வாயுவைத் தயாரித்து, அதைச் செடிக்குச் சில நொடிகள் காட்டியபோது செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு சாம்பல் பூசணத்தையும் ஒரு வைரஸையும் தாங்கியது. 2022-ல் வெளியானது, சோதனைச் செடியில், ஆய்வகத்துக்குள். மிளகாய் வயலில் இலைப்பேனுக்கும் இலைச்சுருட்டை வைரஸுக்கும் இதை எடுத்துச் சொல்வது பெரிய தாவல். பிளாஸ்மா மேலே இருப்பதைத்தான் தொடும் என்பதையும் மறக்கவேண்டாம். மிளகாயில் பழ அழுகல் பூஞ்சாணம் விதைத்தோலைத் தாண்டி உள்ளேயும் குடியிருக்கும், அங்கே எட்டாது. மேலே இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துத்தான் துடைக்கும். ஆகவே டிரைக்கோடெர்மாவோ சூடோமோனாஸோ கலப்பதாக இருந்தால் பிளாஸ்மாவுக்குப் பிறகு கலக்கவேண்டும், முன்பு அல்ல.

விற்பவர்கள் பேசாத ஒன்று, ஈரப்பதம். ஒரே இயந்திரம், ஒரே வோல்டேஜ், ஒரே நிமிடம் என்றாலும் சித்திரை வெயிலில் வரும் வாயுக்கலவையும் ஐப்பசி மழையில் வருவதும் ஒன்றல்ல. ஈரக்காற்றில் ஓசோன் குறையும். இயந்திரம் ஓடிச் சூடேறினால் ஓசோன் தயாரிப்பு நின்று நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். கருவியில் 'நெல் 3 நிமிடம்' என்று பொத்தான் இருப்பது கவர்ச்சிதான். ஆனால் வோல்ட்டும் நிமிடமும் மட்டும் பிளாஸ்மாவின் அளவு ஆகாது. துறைக்குள்ளேயே எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு அலகு இன்னும் வரவில்லை. அடுத்தது வேகம். சில மில்லிமீட்டர் இடைவெளியில் விதை ஒற்றை அடுக்காகப் பரவவேண்டும். ஏக்கருக்கு 24 கிலோ நெல் விதை என்றால், உங்கள் உறுப்பினர்கள் அனைவருக்கும் விதைப்பு வாரத்தில் நேர்த்தி செய்து முடியுமா? குழித்தட்டுக்குப் போகும் மிளகாய் விதை ஏக்கருக்குச் சில நூறு கிராம்தான் என்பதால் அங்கே இந்தத் தடை இல்லை.

ஆகவே என் பதில்: உரத்துக்காகவும் மருந்துக்காகவும் வாங்காதீர்கள். விதைக்காகவும் இப்போதே வாங்காதீர்கள், வாடகைக்குச் செய்து பாருங்கள். பூச்சி, நோய்க்கு என்று சொல்லி விற்கும் மருந்துக்குப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். வளர்ச்சி ஊக்கி என்று விற்றால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரவேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். இயங்கும்போது இடி இடித்த பிறகு வரும் அந்தக் காரமான வாசனை அறையில் தங்கினால் ஓசோன் வெளியேறவில்லை என்று அர்த்தம்; நாள் முழுக்க அதில் நிற்பவரின் நுரையீரலுக்குக் கெடுதல். காந்திநகரில் இருக்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், உணவுப் பொருள்களில் குளிர் பிளாஸ்மாவைப் பரிசோதித்துவரும் தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம், இவர்களிடம் ஒரு கடிதம் போட்டுக் கருத்துக் கேட்பதில் செலவு எதுவும் இல்லை.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஒரே மூட்டை மிளகாய் விதையை நான்காகப் பிரியுங்கள்: ஒன்று வெறும் விதை, ஒன்று தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தியது, ஒன்று நீங்கள் வழக்கமாகச் செய்யும் நேர்த்தி, ஒன்று பிளாஸ்மா. ஒவ்வொன்றிலும் 400 விதை. குழித்தட்டுகளுக்கு எண் மட்டும் போட்டு, எது எது என்பதை எண்ணுபவரிடம் சொல்லாதீர்கள். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் எண்ணுங்கள். நாற்றழுகலில் சாய்ந்ததையும், நடவு வயதில் நட முடிந்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். தண்ணீரில் ஊறவைத்ததைவிடப் பிளாஸ்மாத் தட்டில் நடக்கூடிய நாற்று கூடுதலாக இருந்து, மறுமுறை வேறொரு மூட்டையிலும் அப்படியே வந்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளலாம். சோதனையை அவர் கொண்டுவரும் விதையில் செய்யாதீர்கள். உங்கள் கிடங்கில் போன வருடத்து விதை மிச்சம் இருக்குமே, அதிலும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.